பிப்ரவரி பன்னிரண்டில் பிறந்தவர்கள்

செப்டம்பர் 4, காலை 9.20. எண்ணிக்கை: பூஜ்யம்.

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அம்மாவும் நலம். அம்மாவின் வலது முழங்கால் மட்டும் நலமில்லை. அதைத் தனியாக எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்காதே. போனில் நாம் மூன்றாவது நிமிடம் சண்டை போடுகிறோம், நான்காவது நிமிடம் யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். கடிதத்தில் சண்டை போட நாலு நாள் ஆகும்.

விஷயத்துக்கு வருகிறேன். பத்திரிகையில் என்னை நாள் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். மேல் பாதியில் அந்தத் தேதியில் உலகத்தில் நடந்தவை, பிறந்த பெரியவர்கள். கீழ்ப் பாதியில் வாசகர்கள் கூப்பன் நிரப்பி அனுப்பும் பிள்ளைகளின் பிறந்தநாள், ஊர்வாரியாக, பத்து வயது வரை. பத்து வருடக் காகிதத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, பக்கம் தானாகவே கட்டிக்கொள்ளும்படி செய்வது என் வேலை. இத்தனை நாள் அதைக் கையால் கட்டியவர் பக்க ஆசிரியர். எதைக் கொடுத்தாலும் பாதியை வெட்டுவார், அதனால் ஆபீஸில் அவருக்குக் கத்தரி என்று பெயர். அவருடைய விதி ஒன்று உண்டு: எத்தனை வாசகர்கள் எழுதிக் கேட்டாலும், ஐம்பது வருடம் ஆகாத எதுவும் மேல் பாதிக்கு ஏறாது. "ஊறணும்பா. ஊறாம எதுவும் சரித்திரம் ஆகாது" என்பார்.

பிப்ரவரி 12 அவருக்குச் செல்லமான தேதி. டார்வினும் லிங்கனும் ஒரே நாளில், அதுவும் ஒரே வருடத்தில், 1809-ல் பிறந்தார்கள். 1912-ல் சீனாவின் கடைசிச் சக்கரவர்த்தி, ஆறு வயதுப் பையன், அன்றைக்குத்தான் பதவி இறங்கினான். மேல் பாதி நிறைந்து வழிகிறது. கீழ்ப் பாதியில் உன் ஊர்க் கட்டம் காலி. மற்ற நாட்களில் உன் ஊரிலிருந்து ஐந்தாறு பெயராவது வரும். பிப்ரவரி 12-க்கு மட்டும் ஏழு வருடமாக ஒன்றுகூட இல்லை. என் ப்ரோக்ராமில் பிழை என்று இரண்டு நாள் தேடினேன். பிழை இல்லை. கூப்பன் கட்டை எலி தின்றிருக்க வேண்டும், ஆனால் எலி தேதி பார்த்துத் தின்னுமா?

நீ அந்த ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டுக்குத் தலைமை நர்ஸ். இந்த வருடம் பிப்ரவரி 12 அன்று எத்தனை குழந்தை பிறந்தது? எண்ணிக்கை மட்டும் போதும். ஒரு வரி.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி

*

செப்டம்பர் 19

என் திருப்புளிக்கு,

இருபத்தாறு வயதாகிவிட்டது, இனி அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாதென்றுதான் நினைத்தேன். ஆனால் மூன்று வயதில் வீட்டு ரேடியோவைத் திருப்புளியால் கழற்றிப் போட்டு, "உள்ள ஆள் இல்ல" என்று அறிவித்தவன் நீ. உன் கடிதத்தைப் படித்தால் இன்னும் அதே பையன்தான் எழுதுகிற மாதிரி இருக்கிறது.

இங்கே இருவரும் சுகம். அத்தானுக்குத் தண்ணீர் ஏற்றும் நிலையத்தில் புது மோட்டார் வந்திருக்கிறது. அதன் சத்தம் எப்படி என்று தினமும் சாப்பிடும்போது எனக்கு வாயால் செய்து காட்டுகிறார். வீட்டில் என்னை ஒரு வாளி தூக்க விடுவதில்லை. வார்டிலும் இப்போது மேஜை வேலைதான் அதிகம். அம்மாவின் முழங்காலுக்குச் சூடு வைக்கச் சொல். வைத்தேன் என்று பொய் சொல்வாள், நம்பாதே.

அங்கே மெத்தென்ற செருப்பு கிடைத்தால் ஒரு ஜோடி அனுப்பு. எட்டாம் நம்பர்.

நீ கேட்ட தேதி எனக்கு வார விடுமுறை. அதனால் தெரியாது.

வெயிலில் அலையாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

*

செப்டம்பர் 26

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். அங்கே நலமென்று நீ எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியவில்லை. காரணம், உன் கடிதத்தில் ஒரு பொய் இருக்கிறது. இந்த வருடம் பிப்ரவரி 12 புதன்கிழமை. உனக்கு விடுமுறை ஞாயிறு.

செருப்பு அனுப்பியிருக்கிறேன். உன் கால் ஏழாம் நம்பர். முப்பத்தெட்டு வயதில் கால் வளராது. கேட்டாய், எட்டு வாங்கிவிட்டேன்.

பிறகு நானே பார்த்துக்கொண்டேன். உன் ஊரில் பிப்ரவரி 13-ம் தேதிப் பெயர்கள் மற்ற நாட்களைப் போல இரண்டு மடங்கு. 12-ல் காணாமல் போனவர்கள் 13-ல் உட்கார்ந்திருக்கிறார்கள். எட்டு வருடத்துக்கு முந்தைய கூப்பன் கட்டில் அப்படி இல்லை, இரண்டு தேதியும் ஒரே அளவு. அப்படியானால் அந்த வருடம் ஏதோ நடந்திருக்க வேண்டும் என்று பழைய இதழ்களை எடுத்தேன். உங்கள் ஏரியில் மோட்டார் படகு கவிழ்ந்த நாள். பள்ளிக்கூடத்திலிருந்து அக்கரைக்குச் சுற்றிப்பார்க்கப் போன பிள்ளைகளில் முப்பத்தொரு பேர் திரும்பவில்லை. நான் அப்போது ஹாஸ்டலில் இருந்தேன். செய்தி ஞாபகம் இருக்கிறது, தேதி ஞாபகம் இல்லை. ஐம்பது வருடம் ஆகாததால் கத்தரி அதை நாள் பக்கத்தில் ஏற்றவேயில்லை. நீ அந்த ஊருக்கு மாற்றலாகிப் போனது அதற்கு அடுத்த வருடம்.

யாரோ தேதியை மாற்றி எழுதுகிறார்கள். யார்?

அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி

*

அக்டோபர் 21

அன்புள்ள தம்பிக்கு,

நலம். செருப்பு பொருந்துகிறது. பதில் தாமதமானதற்குக் காரணம் வேலை இல்லை, உன் கடைசிக் கேள்விதான்.

நான்தான் எழுதுகிறேன்.

நான் வந்த முதல் பிப்ரவரியில், பன்னிரண்டாம் தேதி மத்தியானம் ஒரு பெண்ணுக்குப் பிரசவம். வலியில் ஒரு சத்தம் போடவில்லை. நான் புதிது, "கத்தணும்னா கத்தும்மா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றேன். "இன்னைக்கு வேணாம் சிஸ்டர்" என்றாள். ஆண் குழந்தை. மூன்று மணி பத்து நிமிடம். நான் பேனாவை எடுத்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்கு என் மூத்தவனோட நாளு சிஸ்டர். இதுக்கு வேற நாள் கொடுங்க."

"அது எப்படிம்மா முடியும்?"

"ஒன்பது மணி நேரம்தானே. அவன் ஒருத்தனுக்கு இந்த நாளை விட்டுடுங்க. இவனும் வந்து இதுல நின்னா, நான் யாரைப் பாக்குறது?"

நான் பதின்மூன்றாம் தேதி, அதிகாலை பன்னிரண்டு பத்து என்று எழுதினேன். அடுத்த வருடம் இரண்டு பேர் கேட்டார்கள். அதற்கடுத்த வருடத்திலிருந்து யாரும் கேட்பதில்லை. நான் எழுதிவிடுவேன் என்று ஊருக்குத் தெரியும். முன்பே அந்தத் தேதியில் பிறந்த பிள்ளைகளின் வீட்டிலும் கூப்பன் அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள்.

நீ எண்ணியது சரி. உன் ப்ரோக்ராமில் பிழை இல்லை. இதை இதோடு விட்டுவிடு. யாரிடமும் சொல்லாதே. அம்மாவிடம்கூட.

மழை ஆரம்பித்துவிட்டது. சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

அக்கா

*

அக்டோபர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவுக்குச் சளி, எனக்கு இல்லை.

நீ செய்வது தப்பு. சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். தேதி என்பது ஒரு அளவு. அளவைப் பரிதாபப்பட்டு மாற்றக் கூடாது. இன்றைக்கு ஒன்பது மணி நேரம் என்பாய். நாளைக்கு ஒருவனுக்குப் பள்ளியில் சேர, வேலையில் சேர அந்த ஒரு நாள் குறுக்கே வந்தால்? அந்த அம்மாவின் வலி புரிகிறது. வலிக்கு மருந்து கொடு. ரெஜிஸ்டரில் ஏன் கை வைக்கிறாய்? மாட்டினால் உன் வேலை போகும். பதினாறு வருட சர்வீஸ்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உன் கடிதம் வருவதற்கு முன்பே, 12-க்கும் 13-க்கும் உள்ள எண்ணிக்கையைக் கத்தரியிடம் காட்டினேன். எலிக் கதையை விளக்க வேண்டியிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல செய்தி கிடைத்தால் அப்படித்தான் செய்வார்.

"ரெண்டு மகான்கள் பிறந்த தேதியில ஒரு ஊர்ல ஒருத்தருமே பிறக்கிறதில்ல. அடேங்கப்பா. இதுக்கு முழுப் பக்கம் கொடுக்கலாம்பா."

"எண்ணிக்கைதான் சார் இருக்கு. காரணம் தெரியாது."

"அதுக்குத்தான் நிருபர்னு ஒரு ஜாதியை வெச்சிருக்கோம். அவன் போய்க் கேப்பான்."

நிருபர் அடுத்த வாரம் வருகிறார். நீ ஒன்றும் பேசாதே. ஒருவேளை வெளியே வருவதும் நல்லதுதான். ஒளித்து வைக்கிற எதுவும் ஒருநாள் உடையும்.

சாப்பிட்டாயா என்று அம்மா கேட்கிறாள்.

தம்பி

*

நவம்பர் 22

தம்பிக்கு அத்தான் எழுதுவது.

அம்மாவும் நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. மோட்டார் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து ஆடினால் அதுதான் காரணம்.

நிருபர் வந்தார். மரியாதையான பையன்தான். ஆனால் நேராகப் பெரிய டாக்டரிடமே போய்க் கேட்டுவிட்டார். டாக்டர் மேலே எழுதினார். இரண்டு அதிகாரிகள் வந்து உங்கள் அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து ஒரு முழு நாள் கேள்வி கேட்டார்கள். அவள் எதையும் மறுக்கவில்லை. தாய்மார்கள் யாரும் கேட்கவில்லை, நானாக எழுதினேன் என்று சொல்லியிருக்கிறாள். பிள்ளைகளின் சான்றிதழையெல்லாம் ரத்து செய்வார்களோ என்று ஊரில் பயம். வீட்டுக்கு வந்த பெண்களை நான் வாசலிலேயே பேசி அனுப்பிவிட்டேன். அவளுக்கு இப்போது படபடப்பு ஆகாது.

அதற்கு மேல் எழுத எனக்கு அனுமதி இல்லை. உங்களைத் திட்ட வேண்டும் என்றுதான் பேப்பரை எடுத்தேன். எழுத எழுத அந்த வேகம் போய்விட்டது. நீங்கள் அவளுக்கு எழுதுங்கள். அவள் எழுத மாட்டாள்.

அம்மாவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

அத்தான்

*

நவம்பர் 27

அக்கா,

நலம் விசாரிக்கும் வரியை மூன்று தடவை எழுதி அடித்தேன். நலமா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

தப்பு என்னுடையது. உன் தப்பு வேறு, அது ரெஜிஸ்டரில் இருக்கிறது. என்னுடையது அதைவிட மோசம். நீ சொல்வதற்கு முன்பே வாயைத் திறந்தது ஒன்று. நீ சொன்ன பிறகும் நிருபரைத் தடுக்காமல் உனக்குப் பாடம் எடுத்தது இன்னொன்று.

கத்தரியிடம் போனேன்.

"சார், அந்தப் பக்கம் வேணாம்."

"ஏன்?"

"அங்க தலைமை நர்ஸ் எங்கக்கா."

பேப்பரிலிருந்து தலையை எடுக்கவேயில்லை. "அப்ப இன்னும் நல்லதா போச்சு. ஒரு பேட்டி வாங்கித் தாயேன்."

"சார், அவங்க வேலை போயிடும்."

"போகாதுப்பா. ஊரே அழும். அழுதா யாரும் வேலையை எடுக்க மாட்டான். நான் நாற்பது வருஷமா பாக்குறேன்."

நான் கத்தினேன். அவர் கத்தவில்லை. பிப்ரவரி 12-க்கு முழுப் பக்கம் என்று பலகையில் எழுதிப் போட்டிருக்கிறார். இதை நிறுத்தாமல் விடமாட்டேன்.

அத்தான் உனக்குப் படபடப்பு ஆகாது என்கிறார். ரத்த அழுத்தமா? இதயமா? எட்டாம் நம்பர் செருப்பு, மேஜை வேலை, வாளி தூக்கக் கூடாது. கால் வீக்கம் என்று தெரிகிறது, காரணம் தெரியவில்லை. எனக்குக் குறிப்பு காட்டினால் புரியாது. நேராகச் சொல்.

தம்பி

*

டிசம்பர் 30

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு மாதம் உன் மேல் கோபமாக இருந்தேன். முழுதாக இருந்துவிட்டேன், இனி மிச்சமில்லை.

முதலில் ஆபீஸ் விஷயம். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம், இந்த வருட இன்க்ரிமென்ட் இல்லை. வேலை இருக்கிறது. உங்கள் கத்தரி சொன்னது பலித்துவிட்டது, அவரிடம் சொல்லிவிடாதே. பிள்ளைகளின் சான்றிதழ் அப்படியே இருக்கும், நிரூபிக்க வழியில்லை என்று எழுதிவிட்டார்கள். ஆனால் இனிமேல் பிறந்த நேரத்தைப் பிரசவ அறையிலேயே மெஷின் அடித்துக் கொடுக்கும். டாக்டர் ஒரு கையெழுத்து, நர்ஸ் ஒரு கையெழுத்து. ஒரு நிமிடத்தைக்கூட யாரும் நகர்த்த முடியாது. உனக்குப் பிடித்த மாதிரி.

அந்த முதல் பெண் வந்திருந்தாள். பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். "இனிமே வர்றவங்க என்ன பண்ணுவாங்க சிஸ்டர்?" என்றாள்.

நீ நேராகச் சொல் என்றாய். சொல்கிறேன். எனக்கு இது எட்டாவது மாதம். முன்பு இரண்டு தடவை சொன்னேன். இரண்டு தடவையும் அம்மா தெரு முழுக்கச் சொல்லி, பிறகு ஒவ்வொரு வீடாகப் போய் இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. இந்தத் தடவை ஏழு மாதம் தாண்டட்டும் என்று வாயைப் பூட்டிக்கொண்டேன். அத்தானையும் சத்தியம் வாங்கிப் பூட்டி வைத்தேன், பாவம் அந்த மனிதர். எட்டாம் நம்பர் செருப்பைக்கூட விசாரணை செய்தவன், வயிற்றைக் கண்டுபிடிக்கவில்லை.

டாக்டர் கொடுத்த தேதி பிப்ரவரி 12.

சிரிக்காதே. நான் சிரித்தேன், பிறகு அழுதேன். வார்டுக்குள் நுழையும்போது இடது பக்கச் சுவரில் அந்த முப்பத்தொரு பிள்ளைகளின் போட்டோ இருக்கிறது. பள்ளியில் இடமில்லை என்று இங்கே மாட்டினார்கள், அதில் பாதிப் பேர் இங்கேதான் பிறந்தார்கள். தினமும் அதைத் தாண்டித்தான் போகிறேன். இந்த ஊர் எனக்கு ஒரு வேலையை நம்பிக் கொடுத்தது. அந்த நாளில் என் மடி மட்டும் நிறைந்தால், நான் யார் முகத்தைப் பார்ப்பது?

அம்மாவிடம் நீ சொல். மெதுவாகச் சொல்.

அக்கா

*

ஜனவரி 8

அக்கா,

அம்மாவிடம் மெதுவாகத்தான் சொன்னேன். அவள் மெதுவாக எழுந்து மாடிப்படி ஏறி மேல் வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டு வந்தாள். முழங்கால் வலி அப்போது எங்கே போயிற்றோ. இப்போது தலையணையை மடியில் வைத்து எனக்குக் குழந்தை பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறாள். தலையைத் தாங்கவில்லையென்று இரண்டு தடவை தலையில் குட்டு வாங்கினேன்.

பக்கம் நின்றுவிட்டது. அழுது பார்க்கவில்லை, கத்தியும் பார்க்கவில்லை. கத்தரியின் விதியையே கத்தரியிடம் காட்டினேன்.

"ஐம்பது வருஷம் ஆகாத எதுவும் மேல் பாதிக்கு ஏறாதுன்னு நீங்கதான் சார் சொன்னீங்க. ப்ரோக்ராம்ல அப்படித்தான் எழுதியிருக்கேன். இது எட்டு வருஷம். ஏறாது."

"விதி நான் போட்டது. நானே தளர்த்துவேன்."

"தளர்த்துங்க. இத்தனை வருஷமா ஊறலேன்னு நீங்க திருப்பி அனுப்பின எல்லாருக்கும் நாளைக்கே நான் கடிதம் போடுறேன், விதி தளர்ந்திருக்குன்னு. முகவரியெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன். ஆறாயிரத்துச் சொச்சம்."

கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை. பிறகு பலகையில் போட்டதை அவரே அழித்தார். அழித்துவிட்டு, "நீ இனிமே விளம்பரப் பிரிவுக்குப் போப்பா. மேட்ரிமோனியல் கட்டத்துக்கு நல்ல கறாரான ஆள் தேவைப்படுது" என்றார். திங்கட்கிழமையிலிருந்து அங்கேதான்.

இப்போது உன் விஷயம். நீ சிரிப்பாய், சிரி. தேதியை மாற்று. மெஷினை மாற்ற முடியாது, பிரசவத்தை மாற்றலாம். ஒன்பதாம் தேதியே அட்மிட் ஆகு, வலி வர ஊசி போடச் சொல், இல்லையென்றால் ஆபரேஷன். இல்லை, இங்கே வந்துவிடு. இந்த ஊரில் பிப்ரவரி 12 என்றால் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. என் வீட்டுக் கட்டிலில் படுத்துக்கொள், நான் தரையில் படுக்கிறேன். தேதி ஒரு அளவு என்று எழுதியவன்தான் இதையும் எழுதுகிறேன். உன்னால் அந்த ஊரில் அந்தச் சுவரைத் தாண்டி நடக்க முடியாமல் போனால், அதற்கு நான்தான் காரணம்.

உடம்பைப் பார்த்துக்கொள். உப்பைக் குறை.

தம்பி

*

ஜனவரி 25

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எனக்குத் தனியாக ஒன்பது பக்கம் எழுதியிருக்கிறாள். அதில் எட்டு பக்கம் என்ன செய்யக் கூடாது என்று. நலமாக இருக்கிறேன். உள்ளே இருப்பதும் நலம், இரவெல்லாம் விலாவில் உதைக்கிறது. உன் குணம்தான் வரப்போகிறது என்கிறார் அத்தான்.

உன் யோசனையை நானும் நினைத்துப் பார்த்தேன். டாக்டரிடம் ஊசியைப் பற்றிக் கேட்டும் விட்டேன். அவரும் சரி என்றார். பத்தாம் தேதி என்று குறித்தும் வைத்தார்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு சிறுமி வார்டுக்கு வந்தாள். காய்ச்சலுக்கு மருந்து வாங்க அம்மாவோடு வந்தவள், அம்மா வரிசையில் நிற்கும்போது என் மேஜைக்கு வந்துவிட்டாள். படகு கவிழ்வதற்கு இரண்டு வருடம் முன்பு, பிப்ரவரி 12-ல் பிறந்தவள். இந்த ஊரில் அந்தத் தேதியைச் சொல்லும் ஒரே பிள்ளை அவள்தான் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் ஊர் மாறிப் போய்விட்டார்கள். என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க பாப்பா பன்னெண்டாம் தேதியா வரும்?"

"யார் சொன்னா?"

"ஊர்ல எல்லாரும் சொல்றாங்க."

"தெரியலையே. முன்னாடியும் வரலாம்."

"பன்னெண்டாம் தேதியே வரச் சொல்லுங்களேன்."

"ஏன்?"

தோளைக் குலுக்கினாள். "அன்னைக்கு நான் காலையில எழுந்ததும் யாரும் என்னைப் பாக்க மாட்டாங்க. அம்மா ராத்திரி கதவைச் சாத்திட்டு ஒரு கேக் துண்டு தருவாங்க. சத்தமில்லாம சாப்பிடணும். எனக்குப் பழகிடுச்சு. ஆனா இன்னொருத்தர் இருந்தா நல்லா இருக்கும்ல."

அந்த மூத்தவனுக்கு நாளை விட்டுக்கொடுக்கச் சொன்ன அம்மாவுக்காக ஏழு வருடம் எழுதினேன். அதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. ஆனால் இப்படி ஒருத்தி கதவைச் சாத்திக்கொண்டு கேக் தின்கிறாள் என்பது எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தோன்றவில்லை.

ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எப்போது வருகிறதோ வரட்டும். மெஷின் அடிப்பதில் நான் கையெழுத்துப் போடுவேன். பிரசவித்தவளே நர்ஸாகக் கையெழுத்துப் போடக் கூடாது என்று விதியில் இல்லையாம், கேட்டுவிட்டேன்.

பயமாகத்தான் இருக்கிறது. அதை உனக்கு மட்டும் சொல்கிறேன்.

நேரத்துக்குத் தூங்கு.

அக்கா

*

பிப்ரவரி 12, இரவு

தம்பிக்கும் அம்மாவுக்கும் அத்தான் எழுதுவது,

பெண் குழந்தை. காலை பதினொன்று முப்பத்தைந்து. தாயும் பிள்ளையும் நலம். போனில் சொன்னதையே மறுபடி எழுதுகிறேன், ஏனென்றால் போனில் நான் அழுததில் பாதி உங்களுக்குக் கேட்டிருக்காது. கேட்காத மீதி இது.

ஒவ்வொரு வருடமும் அன்று காலை ஊரே படகுத்துறைக்குப் போகும். முழங்கால் தண்ணீரில் நின்று முப்பத்தொரு பெயரையும் வாசிப்பார்கள். பேச்சு இருக்காது, அழுகையும் இருக்காது. பிறகு அவரவர் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். நானும் ஏழு வருடம் போனேன். இந்த வருடம் வார்டு வாசலில் நின்றேன்.

மத்தியானம் அந்த முதல் பெண் வந்தாள். துறையிலிருந்து நேராக வந்திருக்கிறாள், புடவைக் கரை நனைந்திருந்தது. அவளுடைய சின்னவனையும் கூட்டி வந்திருந்தாள். நான் எழுந்து நின்றேன். அவள் என்னைக் கடந்து கட்டிலுக்குப் போனாள்.

"என்ன தேதி சிஸ்டர் போட்டீங்க?"

உங்கள் அக்கா படுத்தபடியே சொன்னாள். "இன்னைக்குத்தான்மா. நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

அவள் குனிந்து பாப்பாவைப் பார்த்தாள். அப்போது பாப்பா விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தது. என் புது மோட்டார் தோற்றது போங்கள். சுவரெல்லாம் அதிர்கிற சத்தம். நான் பதறிப் போய்த் தூக்கிச் சமாதானப்படுத்தக் குனிந்தேன். அவள் என் கையைத் தடுத்தாள்.

"விடுங்க. அழட்டும். இந்த ஊர்ல இன்னைக்கு ஒருத்தராவது சத்தமா அழட்டும்."

பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவளும் அழுதாள். எட்டு வருடத்தில் அவள் அழுது யாரும் பார்த்ததில்லை என்று பிறகு சொன்னார்கள். அந்தச் சின்னவன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அம்மா, பாப்பா ஜெயிச்சிடுச்சு" என்றான்.

எனக்கு இதற்கு மேல் எழுத வரவில்லை. அம்மாவைப் பத்திரமாகக் கூட்டி வாருங்கள்.

அத்தான்

*

பிப்ரவரி 16, காலை 6.10. பிறந்தவர்: ஒருவர்.

அன்புள்ள அக்காவுக்கு, அத்தானுக்கு, இன்னும் பெயர் வைக்காத பாப்பாவுக்கு,

அத்தானின் கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்தேன். மூன்றாவது தடவை அவளே வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இங்கே இருவரும் நலம்.

பன்னிரண்டாம் தேதி நாள் பக்கத்தைக் கத்தரியே கையால் கட்டியிருந்தார். மேல் பாதியில் அந்த இரண்டு பேரும், அந்தப் பதவி இறங்கிய பையனும். வேறொன்றும் இல்லை. வெட்டி ஒட்டிய ஓரம் கோணலாக இருந்தது.

நிறைய எழுத நினைத்தேன். எனக்கு வருவது பட்டியல்தான். இனி செய்யப்போவது:

1. சனிக்கிழமை காலை வண்டியில் அம்மாவோடு வருகிறேன். அம்மாவின் முழங்காலுக்காகக் கீழ்ப் படுக்கை வாங்கியாயிற்று. எட்டு நாள் லீவு. விளம்பரப் பிரிவில் கல்யாணங்கள் எட்டு நாள் காத்திருக்கும்.

2. உனக்கு வந்த எச்சரிக்கைக்கு மேல்முறையீடு ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். படித்துக் காட்டுவேன். நீ வேண்டாம் என்றால் கிழிப்பேன். ஏன் என்று கேட்க மாட்டேன்.

3. அந்த அம்மாவைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்பது என்று எழுதி, அடித்துவிட்டேன். தேடிப் போக மாட்டேன். அவர்களாக வார்டுக்கு வந்தால் எழுந்து நிற்பேன், நாற்காலியைக் கொடுப்பேன்.

4. கூப்பன் கொண்டு வர மாட்டேன். பாப்பாவின் பெயரை எங்கே, எப்போது போடுவது என்பது உன் ஊர் விஷயம்.

5. அந்தச் சிறுமி வந்தால், எனக்கு முன்னால் அவள்தான் பாப்பாவைத் தூக்க வேண்டும். தலையை எப்படித் தாங்குவது என்று நான் சொல்லித் தருவேன், எனக்கு இப்போது தெரியும்.

6. அடுத்த பிப்ரவரி 12 காலை உங்களோடு படகுத்துறைக்கு வருவேன். முழங்கால் தண்ணீரில் நிற்பேன். முப்பத்தொரு பெயரும் வாசித்து முடியும்வரை வாயைத் திறக்க மாட்டேன். என் கையில் பாப்பா இருக்கும். அது அழுதால், கரைக்குத் தூக்கிக்கொண்டு போக மாட்டேன்.

தம்பி